இலையாடை: தேயிலையின் மேலிருக்கும் படைக்கு ஒரு சொல் தேடி

களுவாஞ்சிக்குடியிலிருந்து

அன்பின் குழுவினருக்கு, வணக்கம்.

இலையின் மேலே மெல்லிய அடுக்காக இருக்கும் படையை ஆங்கிலத்தில் கியூற்றிக்கிள் என்கிறார்கள். அதற்கு இட்ட ஒரு சொல்லால் எனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லி, மாற்றுச் சொல் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்காகத் தேநீரைப் பற்றி நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை மாணவர்கள் தயாரித்தார்கள். தமிழைத் திருத்தியவன் நான். அதில் ஒரு வரி: ‘தேயிலையின் மேற்பரப்பு மெழுகுப்பூச்சினால் மூடப்பட்டுள்ளது.’ பிழையில்லாத வரி என்று நினைத்து விட்டுவிட்டேன். பஸ் தரிப்பிடத்துக்கு அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் என் மாமாவிடம் பத்துப் பிரதி கொடுத்து, வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் போனால், கல்லாமேசையில் ஒரு மெழுகுதிரி எரிகிறது. மாமா ஒரு சிட்டிகைத் தேயிலைத் தூளைக் கரண்டியில் வைத்துச் சுடருக்கு மேலே பிடித்திருக்கிறார். சுற்றி நான்கு பேர். தூள் உருகவில்லை, புகைந்து, தீய்ந்த நாற்றம் வந்தது. மாமா என்னைப் பார்த்து, “கம்பனிக்காரர்கள் தூளுக்கு மெழுகு பூசித்தான் விற்கிறார்கள் என்று எழுதியது நீங்கள்தானே, மருமகன்? எங்கே மெழுகு?” என்றார். அவர் என்னை நம்பாமல் கேட்கவில்லை. நம்பியதால்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆதாரமும் வைத்திருந்தார். முதல்நாள் இரவு யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன வெறுந்தேநீர்க் கிளாஸ். அதன் மேல் மினுமினுப்பாக ஓர் ஏடு படிந்து, வற்றிய குளத்தின் சேறுபோல வெடித்துக் கிடந்தது. “இது மெழுகு இல்லாமல் வேறென்ன?”

அது வேறொன்று. அதைப் பிறகு எழுதுகிறேன். ஆனால் மாமா வந்த முடிவுக்கு மாமா பொறுப்பில்லை. தமிழில் பூச்சு என்றால் பூசியவர் ஒருவர் இருக்கவேண்டும். சுவருக்குச் சாந்து பூசுகிறோம், நெற்றிக்குத் திருநீறு பூசுகிறோம். ‘மூடப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டுவினை வேறு சேர்ந்துகொண்டது. மூடியது யார்? வாசிப்பவர் ஓர் ஆளைத் தேடுவார், கம்பனிக்காரர் அகப்படுவார். இலை தானே தனக்குச் செய்துகொண்டது என்ற செய்தி அந்த வரியில் எங்குமே இல்லை.

சொல் தேடுவோருக்குப் பொருள் கையில் இருக்கவேண்டும் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். இலையின் வெளிப்புறத்தில் ஓரடுக்குக் கலங்கள் (செல்கள்) தரையோடு பதித்ததுபோல நெருங்கி நிற்கின்றன. அது மேற்றோல். அந்தக் கலங்கள் தங்கள் வெளிச்சுவரின் மேல் ஒன்றைச் சுரந்து பரப்புகின்றன. அதில் கலம் கிடையாது, உயிர் கிடையாது. மில்லிமீற்றரை ஆயிரமாக வகுத்துத்தான் அதன் தடிப்பைப் பேசமுடியும். கியூற்றின் என்பது அதன் உடல்: கொழுப்பமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உண்டான ஒரு பின்னல். அந்தப் பின்னலுக்குள்ளும் அதன் மேலும் மெழுகு இருக்கிறது. இலைவாய்கள்தான் அதில் திறந்துமூடும் வாசல்கள். தேயிலைக்கு அந்த வாசல்கள் எல்லாம் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும்.

தண்ணீரை உள்ளே வைத்திருப்பது அதன் முதல் வேலை. தரையில் வாழவந்த செடிக்கு இது இல்லாவிட்டால் ஒரு வெயிலுக்குத் தாங்காது. ஊதாக் கடந்த கதிர்களில் ஒரு பங்கைத் தடுப்பது, மழைநீரை வழியவிடுவது, கிருமிகளுக்கு வழிவிடாமலிருப்பது எல்லாம் அடுத்தடுத்த வேலைகள். கடைசியாகச் சொன்னது தேயிலைக்காரருக்கு நன்றாகத் தெரியும். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதன் பங்கசு (பூஞ்சை) இலைவாயைத் தேடிப் போவதில்லை. இளம் இலையின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு துளைத்துக்கொண்டு இறங்கும். முற்றிய இலையை அதனால் ஒன்றும் செய்யமுடியாது. பறிப்பதோ இளம் இலையைத்தான் என்பது தோட்டக்காரரின் தலைவிதி.

இனிச் சொல். நான் படித்ததும் முப்பது வருடம் படிப்பித்ததும் ‘புறத்தோல்’ என்றுதான். மேற்றோல் கலங்களாலானது, அதன்மேல் புறத்தோல். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் அங்கே புறத்தோல் என்பது கலங்களாலான அந்த அடுக்கு. அதாவது நம்முடைய மேற்றோல். என் மாணவி ஒருத்தி இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடமொன்றைப் பார்த்துவிட்டு ‘புறத்தோலில் காவற்கலங்கள் உண்டு’ என்று, இலைவாயைத் திறந்துமூடும் கலங்களைப் பற்றி எழுதினாள். பிழை என்று கோடிழுத்தேன். அவள் பாடத்தைக் காட்டினாள். கோட்டை அழித்தேன். ஒரே சொல் பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் ஓர் அடுக்கையும் அந்தப் பக்கம் அடுத்த அடுக்கையும் குறிக்கிறது என்றால், அதைத் துண்டுப்பிரசுரத்தில் போட எனக்குத் துணிவில்லை. தவிர, தோல் என்றால் கிள்ளினால் வலிக்கும், உரித்தால் புண்ணாகும் என்ற எண்ணம் வருகிறது. இது அப்படிப்பட்டதல்ல.

கியூற்றிக்கிள் என்று எழுதிவிட்டுப் போகலாம். மாமா அதையும் ஒரு கம்பனியின் பெயர் என்று நினைப்பார்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடியான்

அக்கரைப்பற்றிலிருந்து

சேருக்கு ஸலாம்.

விவசாயப் போதனாசிரியராக வயல்வரம்பில் நின்று பேசுகிறவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன். தேயிலை எங்கள் பக்கத்துப் பயிரல்ல. அம்பாறை மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரமும் நெல். ஆனால் நீங்கள் சொல்லும் படையோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

நெல்லிலையில் தண்ணீர் ஒட்டாது. கைத்தெளிகருவியால் வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு அடிக்கணுவில் விழும். மருந்தும் அப்படித்தான் உருளும். “அடித்த மருந்தில் பாதி சேற்றுக்குப் போகிறது” என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். அதற்காகவே தெளிகலவையில் ஒட்டுபசை சேர்க்கச் சொல்கிறோம். துளி பரந்து இலையோடு ஒட்டும். மலைநாட்டில் தேயிலைக்கு நாகசல்பேற்றை (சிங்க் சல்பேற்றை) இலையில் தெளிப்பார்கள் அல்லவா, அவர்களுக்கும் இதே கணக்குத்தான். உள்ளே போகவேண்டியதையும் அது தடுக்கிறது, வெளியே போகக்கூடாததையும் தடுக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளிக்கு ஆள் பேதம் தெரியாது.

சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையைக் குளத்தில் அமிழ்த்திப் பிடித்துவிட்டு விடுங்கள். மேலே வந்ததும் இலை காய்ந்தே இருக்கும். அதில் மெழுகோடு மயிரும் சேர்ந்து வேலை செய்கிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நம் முன்னோர் ஒட்டாத உறவுக்குச் சொன்னார்கள். ஜேர்மனியில் பார்த்லொட், நைன்ஹுயிஸ் என்ற தாவரவியலாளர்கள் 1997இல் அந்த இலையின் மெழுகுத் துணிக்கைகளை நுணுக்குக்காட்டியில் காட்டி, அழுக்கும் அதனால்தான் ஒட்டுவதில்லை என்று எழுதினார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘இலைக்கவசம்’ எப்படி? பாதுகாப்பு என்ற பொருள் நேரே வந்துவிடுகிறது. கவசம் கனமாகத் தோன்றினால் ‘இலைச்சட்டை’. பாம்பு கழற்றிப் போடுவதைச் சட்டை என்கிறோம். உயிரில்லாதது, மெல்லியது, உடம்பே உண்டாக்கியது. நீங்கள் கேட்ட மூன்றும் அதில் இருக்கின்றன.

மெழுகுப்படை என்ற சொல்லை மட்டும் கையிலெடுக்கவேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். காரணம் கேட்டால் நீற்றுப்பூசணிக்காயைக் காட்டுவேன். அதன் மேல் சாம்பல்போல வெளுத்துக் கிடப்பது மெழுகு. விரலால் துடைத்தால் வந்துவிடும். துடைத்த இடத்தில் காய் பச்சையாக மினுங்குகிறது. ஆனாலும் உடனே வாடிப்போவதில்லை. அப்படியென்றால் துடைத்தும் போகாத ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிறகு பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

வஸ்ஸலாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து

சேர், அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்), மற்றும் எல்லோருக்கும்,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கலியாணம் முடித்து மட்டக்களப்புக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஸ்டோரில் வேலை. இங்கே தேயிலைத் தொழிற்சாலை என்றால்தான் விளங்கும். எங்களுக்கு அது ஸ்டோர்.

கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும் முதல்வேலை வாட்டுவது. கீழேயிருந்து காற்று வரும் நீளத் தொட்டிகளில் பரப்பிவிடுவார்கள். இரவு முழுக்கக் கிடக்கும். பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான்; அதில் ஒரு பகுதி அங்கே போகவேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து கடைசியில் ஒரு கிலோ தூளாகிறது என்றால் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பறித்த இலை வாடத் தொடங்கியதும் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன. அதன் பிறகு போகிற தண்ணீர் சேர் சொல்லும் அந்தப் படைக்கு ஊடாகத்தான் மெல்ல மெல்லப் போகவேண்டும். ஒரு செடி உயிரோடிருக்கும்போது எது அதற்குக் காவலோ, அதுவே ஸ்டோரில் தாமதம். இந்தத் தாமதம் நல்லது என்று அப்பா சொல்வார். வேகமாக உலர்ந்த இலைக்கு வாசம் வராது.

வாட்டம் சரியா என்று பார்க்க அப்பாவிடம் கருவி எதுவும் இருந்ததில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறப்பார். பச்சை இலை என்றால் துள்ளிப் பிரியும். வாடியது என்றால் பந்தாகவே கொஞ்சநேரம் இருந்து, தூங்கி எழுந்ததுபோல ஒவ்வொன்றாகப் பிரியும். காம்பை வளைத்துப் பார்ப்பார், முறியக்கூடாது. பிறகு முகர்ந்து பார்ப்பார். அந்த வாசம் பச்சிலை வாசம் போய்ப் பழவாசமாக மாறியிருக்கும். முற்றிய இலை கலந்து வந்த நாளில் திட்டுவார். ஏனென்றால் அது அந்தப் படை தடித்த இலை. கொழுந்து வாடி முடியும்போது அது இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரே தொட்டியில் இரண்டு வாட்டம்.

வாடியதைத்தான் உருளையில் போட்டு அரைத்து முறுக்குவார்கள். அப்போது இலையின் உள்கலங்கள் உடைந்து, வேறு வேறு அறையில் இருந்த நொதியமும் (என்சைமும்) கற்றெக்கின் என்ற இலைச்சாற்றுப் பொருளும் கலந்து, காற்றுப் பட்டுச் சிவக்கிறது. சாயம், கடுப்பு, நிறம் எல்லாம் அங்கே பிறப்பவை. அந்த மேற்படை அதற்குள் கிழிந்து துண்டாகிவிடுகிறது. யாரும் அதன்மேல் எதையும் பூசவில்லை என்பதை மாமாவிடம் நானே வந்து சொல்லத் தயார்.

இனிச் சொல். காக்கா கோபிக்கக்கூடாது. கவசம் என்றால் போர். இலை யாரோடு போர் செய்கிறது? சட்டை நல்ல சொல்தான், ஆனால் பாம்பு அதைக் கழற்றுகிறது. இலை விழும்வரை கழற்றாது. பின்னே பிள்ளைகள் ‘இலை எப்போது சட்டை உரிக்கும்’ என்று கேட்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை வீட்டில் எருமைத் தயிர்ச்சட்டியைத் திறந்தபோது இந்த மடல்களை நினைத்தேன். தயிருக்கு மேலே மஞ்சள் பட்டுப்போல ஆடை. கரண்டியால் ஓரத்தைத் தூக்கினால் ஒரே துண்டாக எழுந்துவருகிறது. அதை யாரும் பூசவில்லை, யாரும் போர்த்தவில்லை. பாலிலிருந்தே எழுந்து பாலின்மேல் நிற்கிறது. அது தோலும் இல்லை, ஆனால் பாலும் இல்லை. பாலாடை என்றால் தமிழ் தெரிந்த எவருக்கும் விளங்குகிறது. அந்த மாதிரியில் ‘இலையாடை’ என்று சொன்னால் என்ன?

ஒரு வேண்டுகோள். அம்மா பறித்த மொட்டின் மேலும் குருத்திலையின் அடியிலும் வெள்ளிமயிர் இருக்கும். அது ஆடை அல்ல, வேறு. கலங்களிலிருந்து முளைப்பது. வெள்ளிமுனைத் தேயிலை என்று கூடுதல் விலைக்குப் போவது அந்த மயிரால்தான். அதையும் ஆடைக்குள் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

ஆரையம்பதியிலிருந்து

பிள்ளைகளுக்கு ஆசி.

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. தமிழ் கொஞ்சம் தெரியும். மட்டக்களப்பாருக்குச் சொல் பண்ணுவது புதிய வேலையல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கம் நடந்தபோது தலைமை தாங்கியவர்களில் ஒருவர். அவருக்கும் முன்னே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் மருத்துவர் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தபோது, மக்கள் வாயிலுள்ள சொல்லை முதலில் தேடு, இல்லாவிட்டால்தான் வேறிடம் போ என்ற வழியைப் பின்பற்றினார். தங்கை தயிர்ச்சட்டியில் தேடியது அந்த வழி. மெச்சுகிறேன்.

ஆனால் ‘இலையாடை’ கேட்டதும் எனக்குச் சங்ககாலப் பெண்கள் இடையில் உடுத்த தழையுடைதான் கண்ணுக்கு வந்தது. நொச்சி, ஆம்பல் எல்லாம் தொடுத்து உடுத்தார்கள். இலையால் ஆன ஆடையா, இலையின் ஆடையா? பாலாடையில் இந்த ஐயம் வரவில்லையே என்று கேட்பீர்கள். பாலால் துணி நெய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஐயம் வருவதில்லை. இலையால் உடுத்த முடியும், உடுத்தும் இருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமைத் தொகையா, மூன்றாம் வேற்றுமைத் தொகையா என்று தொகையின் பொருளை இடம்தான் தீர்மானிக்கும். அதனால் இடத்தைப் பலப்படுத்துங்கள். ‘மேற்றோலாடை’ என்று விரித்தால் ஐயம் அறுகிறது, ஆனால் நீளம். மாணவன் மூன்றுமுறை எழுதினால் கை நோகும்.

ஒன்று மட்டும். நீற்றுப்பூசணியை இங்கே கொண்டுவந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார். மேலே பொடியாய்ப் படியும் அந்த வெண்மெழுகுக்கு ‘நீறு’ என்ற சொல் ஆயிரம் வருடமாக இருக்கிறதே. நீறு பூத்த நெருப்பு என்கிறோம். நீறு பூத்த காய் என்றும் சொல்லலாம். ‘பூத்தல்’ என்பதைக் கவனியுங்கள். பூசுதல் அல்ல. ஓர் எழுத்து வித்தியாசம், பொருளில் எவ்வளவு தூரம்!

களுவாஞ்சிக்குடியிலிருந்து, மறுபடியும்

ஐயா, காக்கா, தங்கை,

மூன்று மடல்களையும் மாமாவுக்குக் கடையில் வைத்தே வாசித்துக் காட்டினேன். தங்கையின் அப்பா உள்ளங்கையில் பிடித்துப் பார்த்த இடத்தில் மாமா வாசிப்பதை நிறுத்தச் சொல்லி, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். அவர் தொழிலும் கைப்பழக்கம்தான் என்பதாலாக இருக்கலாம்.

முதல் மடலில் பிறகு எழுதுகிறேன் என்ற ஏட்டுக் கதையை இப்போது எழுதுகிறேன். ஆடை என்ற சொல் வந்ததால் அதைத் தள்ளிப்போட முடியாது: தேநீரின் மேல் படிவதையும் ஆடை என்றுதான் சனங்கள் சொல்வார்கள். இரண்டு ஆடையும் ஒன்று என்று நினைத்துவிட்டால் என் தலையில் மறுபடியும் மெழுகுதிரி எரியும்.

மாமாவின் கடைக்கிணறு வாவிக்கரையோரம். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கச் சிணுங்கும். கேத்தலின் அடியில் வெள்ளைக் கட்டி அப்பிக்கிடக்கிறது. கல்சியம் நிறைந்த வன்னீர். மூன்று கிளாஸ் வைத்தோம். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர்த் தேநீர். இரண்டாவதில் போன மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர்த் தேநீர். மூன்றாவதில் கிணற்றுத் தண்ணீர்த் தேநீரோடு பாதித் தேசிக்காய். மூன்றுக்கும் ஒரே தூள், ஒரே அளவு. கடை வேலையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். முதல் கிளாஸில் ஆறத் தொடங்கியதும் ஓரத்திலிருந்து மங்கலான ஒரு திரை நடுவுக்கு ஊர்ந்தது. சாய்த்தால் கிளாஸின் சுவரில் பழுப்புக் கோடாக ஒட்டியது. மழைத்தண்ணீர்த் தேநீர் கடைசிவரை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. தேசிக்காய்த் தேநீரின் நிறம் வெளிறியது. மேலே ஒன்றும் இல்லை.

மெழுகாக இருந்தால் மூன்றிலும் வந்திருக்கவேண்டும், ஒரே தூள்தானே. லண்டனில் ஸ்பைரோ, ஜகன்யி என்ற இரு இரசாயனவியலாளர்கள் 1993இல் இதைத்தான் காட்டினார்கள். தண்ணீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும் (பைகாபனேற்றும்), தேநீரில் கரைந்துள்ளவை காற்றில் ஒட்சியேறி உண்டாகும் பொருளும் சேர்ந்து மேற்பரப்பில் படிவது அது. புளிப்புச் சேர்ந்தால் உண்டாகாது. கொதிநீரில் இலைமெழுகின் துணுக்குகள் இளகினாலும் தண்ணீரில் கரையப்போவதில்லை. கிளாஸில் நாம் பார்த்த ஏட்டுக்கு அது காரணமில்லை. மாமா விடவில்லை. ஏட்டைக் கரண்டி முனையால் அள்ளி மெழுகுதிரிச் சுடரில் பிடித்தார். உருகவில்லை, காய்ந்து கருகிப் பொடியானது. அப்போதுதான் மெழுகுதிரியை ஊதி அணைத்தார்.

மெழுகு வேறு, ஆடை வேறு என்பதற்கு அவர் கடையிலேயே இன்னொரு சாட்சி இருந்தது. மதியச் சோற்றுப் பார்சலுக்கு வாழையிலையை அனலில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும். அனல் பட்டதும் அந்த மங்கல் ஓடி மறைந்து, இலை எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சையாக மினுங்குகிறது. அங்கே உருகியது நீறு. கியூற்றின் பின்னல் உருகும் பொருளல்ல. அது அப்படியே நிற்கிறது, குழம்பை ஊற்றினாலும் தாங்குகிறது. மெழுகுப்படை என்ற பெயரை வைத்திருந்தால் இந்த இடத்தில் ‘மெழுகுப்படையின் மெழுகு உருகியது, மெழுகுப்படை உருகவில்லை’ என்று எழுதவேண்டி வந்திருக்கும்.

ஆகவே என் முடிவு இது. கியூற்றிக்கிளுக்கு ‘இலையாடை’. ஐயா சொன்ன தழையுடை ஐயம் உண்மையானது. அதை மறைக்க விரும்பவில்லை. முதல்முறை வருமிடத்தில் ‘இலை தன்மேல் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆடை’ என்று விரித்துவிட்டு, அதற்குப் பின் இலையாடை என்று எழுதுவேன். பரீட்சை விடைத்தாளில் மட்டும் மாணவர்கள் புறத்தோல் என்றே எழுதட்டும். புள்ளியை என் சொல்லுக்காக இழக்கவேண்டாம். காயிலும் பூவிதழிலும் தண்டிலும் இதே படை இருக்கிறதே என்று யாரும் கேட்டால், காயாடை, இதழாடை, தண்டாடை என்று சொல் தானாகவே வளைந்துகொடுக்கிறது. புறத்தோலுக்கு அந்த நெளிவு இல்லை. பூச்சிகளின் புறவுறையையும் ஆங்கிலத்தில் கியூற்றிக்கிள் என்றே சொல்கிறார்கள். அதற்கு இது பொருந்தாது, பொருந்தவேண்டிய தேவையும் இல்லை. அது வேறு பொருளால் ஆனது.

மேலே பொடியும் வெண்மெழுகுக்கு ‘நீறு’. பொடியாக இல்லாமல் வெறும் பளபளப்பாக மட்டும் இருக்கும் மெழுகை என்ன சொல்வது என்று தெரியவில்லை. முற்றிய தேயிலையின் மேற்புறம் அப்படித்தான் பளபளக்கும். அதை நீறு என்றால் பொய். அதற்கு இப்போதைக்கு ‘ஆடைமெழுகு’ என்று போட்டிருக்கிறேன். காக்காவின் ‘சட்டை’ என் மனதில் இன்னும் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். வேறெதற்காவது தேவைப்படும், பத்திரமாக இருக்கட்டும். வெள்ளிமயிரைத் தங்கை சொன்னபடி தனியாகப் பிரித்துவிட்டேன்.

திருத்திய பத்தி இப்படி வருகிறது:

‘தேயிலையின் மேற்றோலிலுள்ள கலங்கள் மெல்லிய ஆடையொன்றைச் சுரந்து தம்மேல் விரித்துக்கொள்கின்றன. பாலின்மேல் பாலாடை உண்டாவதுபோல, இலையின்மேல் இந்த இலையாடை இலையிலிருந்தே உண்டாகிறது. கியூற்றின் என்ற பொருள் அதன் பின்னல். மெழுகு அந்தப் பின்னலை நிரப்புகிறது. குருத்திலையில் அது மெல்லியது, முற்றிய இலையில் தடித்தது. கொழுந்தை வாட்டும்போது இலைவாய்கள் மூடிய பின், ஈரம் இலையாடைக்கு ஊடாக மெதுவாக வெளியேறுகிறது. தேநீரின் மேல் படியும் ஏடு இலையாடை அல்ல; அது வன்னீரால் வருவது. சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் அது படியாது.’

மாமாவிடம் இதை வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்து இருமுறை வாசித்தார். ‘சுரந்து’ என்ற சொல்லில் விரலை வைத்து, “பசு பால் சுரப்பதுபோலவா?” என்றார். ஆம் என்றேன். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், தேசிக்காய்த் தேநீருக்கு ஐந்து ரூபாய் கூட வாங்குகிறவர் அவர். அது நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

பிரசுரம் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆடைமெழுகுக்கு நல்ல சொல் தோன்றுகிறவர்கள் திங்கள் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடியான்